யாருடைய சிக்கனம்?

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" புது வண்டி வாங்கிய யாரைப் பார்த்தாலும் நாம் கேட்கும் கேள்வி. ஸ்கூட்டர் வாங்கியவரிடமும் கேட்கிறோம், முப்பது லட்ச ரூபாய்க்குப் பெட்ரோல் எஸ்யூவி வாங்கியவரிடமும் கேட்கிறோம். இரண்டாமவரிடம் கேட்டால் மட்டும் பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார்: "இவ்வளவு காசு போட்டவருக்கு மைலேஜ் எதுக்குங்க?" அந்தச் சிரிப்புக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அது நியாயமான தீர்ப்புதானா?

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். இந்தியாவில் பல ஆண்டுகளாக மைலேஜ் சான்றிதழ் தரும் சோதனை கூடத்துக்குள்தான் நடக்கிறது. காரை உருளைகள் மேல் நிறுத்தி, சுமார் 20 நிமிடம் ஓட்டுகிறார்கள். வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது. ஏசி ஓடாது. மேம்பால வேலை நடக்கும் சாலையில் அரை மணி நேரம் ஊர வேண்டியதும் இல்லை. ஐரோப்பாவில் சோதனை முறையைக் கடுமையாக்கிய பிறகும் இடைவெளி மூடவில்லை. 2021இல் பதிவான கார்களுக்குள் இருக்கும் எரிபொருள் அளவுமானிகளின் தரவை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெட்ரோல், டீசல் கார்கள் சான்றிதழ் சொல்வதைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகக் குடிக்கின்றன என்றது அது.

பெரிய பெட்ரோல் காரை நகரம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் படுத்தும். ஒன்றே முக்கால் டன் எடையை உருட்டச் செலவழித்த ஆற்றல் அடுத்த சிக்னலில் பிரேக்கின் சூடாகப் போய்விடுகிறது. ஊர்ந்து போகும்போது அவ்வளவு பெரிய எஞ்சினுக்கு வேலையும் குறைவு. அந்த நிலையில் த்ராட்டில் முக்கால்வாசி மூடியிருக்கும். அந்தச் சந்து வழியாகக் காற்றை இழுக்கவே எஞ்சின் கொஞ்சம் பெட்ரோலைச் செலவழிக்கிறது. நெரிசலில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர்தான் வருகிறது என்றால், மெக்கானிக்கிடம் ஓட வேண்டியதில்லை.

இனி கணக்கு. 8 தரும் காரை விற்றுவிட்டு 10 தரும் பெரிய கார் ஒன்றை ஒருவர் வாங்குகிறார். "வெறும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று தோன்றும். ஆனால் 1000 கிலோமீட்டருக்கு முன்பு 125 லிட்டர், இப்போது 100. மிச்சம் 25 லிட்டர். இன்னொருவர் 50 தரும் ஸ்கூட்டரை மாற்றி 60 தரும் ஸ்கூட்டர் வாங்குகிறார். பத்து கிலோமீட்டர் முன்னேற்றம்! அவருக்கு மிச்சமாவது மூன்றரை லிட்டர்கூட இல்லை. மைலேஜ் எண் நம்மை இப்படி ஏமாற்றுவதை டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். ஐரோப்பாவில் போல '100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்' என்று கேட்டால் இந்த மயக்கம் வராது.

ஆக, பக்கத்தில் நின்று சிரித்தவர் தவறு. மைலேஜைப் பற்றி யாராவது கட்டாயம் கேட்க வேண்டுமென்றால் அது பெரிய கார்க்காரர்தான். காற்றுக்கு யார் மிச்சம் பிடித்தார் என்று தெரியாது; ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு, அவ்வளவுதான் அதற்குக் கணக்கு.

ஆனால் இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. அந்த ஸ்கூட்டர்க்காரர் 1000 கிலோமீட்டருக்கு எரிப்பதே மொத்தம் 20 லிட்டர். அவர் வண்டியை விற்றுவிட்டு நடந்தே போனாலும் பெரிய கார்க்காரரின் 25 லிட்டர் சேமிப்பை எட்ட முடியாது. குறைப்பதுதான் அறம் என்றால், அறவானாக இருக்கும் வாய்ப்பே அவருக்கு இல்லை. துறப்பதற்கு முதலில் ஏதாவது வைத்திருக்க வேண்டும். அரண்மனையை விட்டுப் போன இளவரசனின் கதையை 2500 ஆண்டுகளாகச் சொல்கிறோம். அரண்மனையே இல்லாதவன் நடந்து போனதை யார் எழுதி வைத்தார்கள்?

இது காரோடு நிற்கும் பிரச்சினை இல்லை. 1997இல் கியோட்டோவில் பணக்கார நாடுகள் 1990ஆம் ஆண்டின் அளவை அடிப்படையாக வைத்துத்தான் குறைப்பைப் பேசின. அதாவது ஏற்கெனவே எரித்ததே தொடக்கப் புள்ளி. அதற்கும் முன்பே, 1991இல், அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் கேட்டார்கள்: பெரிய கார்களின் புகையையும் ஏழை உழவரின் நெல்வயலிலிருந்து எழும் மீத்தேனையும் ஒரே தராசில் வைப்பது எப்படிச் சரி? 1993இல் தத்துவவாதி ஹென்றி ஷூ இதையே பிழைப்புக்கான உமிழ்வு, ஆடம்பர உமிழ்வு என்று பிரித்தார். நம் ஊர்ச் சட்டத்திலும் அந்தத் தொடக்கப் புள்ளி ஒளிந்திருக்கிறது. இந்தியாவின் எரிபொருள் சிக்கன விதிப்படி ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி எடை கூடினால் அதற்கான இலக்கும் தளர்கிறது. 'அவரவர் நிலையிலிருந்து முயன்றால் போதும்' என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிலைக்கு ஏன் போனீர்கள் என்று விதி கேட்பதில்லை.

அப்போ பெரிய கார் வைத்திருப்பதே பாவமா? அப்படியும் முடித்துவிட முடியாது. அதே எஸ்யூவியில் ஏழு பேர் போனால், 8 கிலோமீட்டர் மைலேஜில்கூட லிட்டருக்கு 56 ஆள்-கிலோமீட்டர் வருகிறது. தனியாகப் போகும் ஸ்கூட்டரின் 50ஐவிட அதிகம். சக்கர நாற்காலியோடு அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறவருக்கு ஸ்கூட்டர் பதிலாகாது. சான்றிதழில் உள்ள எண் காருடையது. உண்மையான மைலேஜோ அதில் எத்தனை பேர், எதற்காக, எவ்வளவு தூரம் போகிறோம் என்பதில் இருக்கிறது. அதை எந்தக் கூடத்திலும் உருளை மேல் நிறுத்தி அளக்க முடியாது.

எனக்குத் தோன்றுவது இதுதான். எவ்வளவு குறைத்தோம் என்பது பொறியாளருக்கான கேள்வி. அவர் பெரிய கார்களிலிருந்தே தொடங்கட்டும். எவ்வளவு மிச்சம் எரிக்கிறோம், யாருக்காக எரிக்கிறோம் என்பது நமக்கான கேள்வி. முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்ததைக் காட்டி இரண்டாவதிலிருந்து தப்பித்துவிடக் கூடாது. 25 லிட்டரை மிச்சம் பிடித்தவருக்குத் தாராளமாகக் கைகொடுக்கலாம். கொடுத்த கையோடு, மீதி 100 லிட்டர் எங்கே போகுதுங்க என்றும் கேட்கலாம்.