பிள்ளைகள் கையில் திருவலகு

திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் இரண்டாம் பதிகம் திருவனந்தபுரத்து எம்பெருமானைப் பற்றியது. அதன் ஏழாம் பாசுரத்தில் ஆழ்வார் நமக்கு ஒரு சிறு பணியைக் காட்டிக்கொடுக்கிறார். பாம்பணையில் பள்ளிகொண்டவனுடைய அத்திருநகரின் வாசலைப் பெருக்கும் பேறு வாய்க்குமானால், கொடுவினைகளைக் களைந்துவிடலாம் என்பது பாசுரத்தின் திரண்ட பொருள். வேதத்தைத் தமிழ்செய்த மாறன் வினை தீர வழி சொல்லும் இடத்தில், வேள்விக்குரிய கரண்டியை நம் கையில் தராமல் துடைப்பத்தைத் தருகிறார்.

அப்பாசுரத்தின் தொடக்கத்தையும் சேர்த்து அநுஸந்திக்க வேண்டும். பிரளயத்தில் உலகங்களைத் துடைத்தவன் அவனே, பின்பு உலகையும் உயிர்களையும் தேவரையும் படைத்தவனும் அவனே என்கிறார் ஆழ்வார். அண்டங்களையே துடைக்க வல்லவனுடைய வாசலில் நாம் தூசி துடைக்கிறோம். தகப்பன் ஏர் பிடிக்கக் கண்ட குழந்தை, பக்கத்தில் அமர்ந்து ஒரு குச்சியால் மண்ணைக் கீறுமே, அதற்கு ஒப்பானது நம் பணி. உழவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆயினும் தகப்பன் திரும்பிப் பார்த்து உகக்கிறான்.

இப்பதிகத்தை அடியேன் பலமுறை சேவித்திருந்தும், அதன் பொருள் நெஞ்சில் தைத்தது எட்டு வயதுப் பேரன் ஒருவனால். சொல்ல நாணமாகத்தான் இருக்கிறது. ஆயினும் பிழை அடியேனுடையதாகையால் சொல்லிவிடலாம்.

விடுமுறைக்கு வந்தவன் ஓரிடத்தில் நில்லாமல் திரிகிறானே என்று, கூடத்தைப் பெருக்கினால் நாளொன்றுக்குப் பத்து ரூபாய் என்று பேசிவைத்தேன். ஒரு வாரம் நன்றாகப் பெருக்கினான். எட்டாம் நாள் கையில் சில்லறை இல்லை. "நாளைக்குச் சேர்த்துத் தருகிறேன்" என்றேன். அவன் துடைப்பத்தைச் சுவரில் சார்த்தினான். "அப்போ நாளைக்கே சேர்த்துப் பெருக்கறேன் தாத்தா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். அவனைக் கோபிக்க நியாயம் ஏது? கூலிக்கு வேலை என்னும் பாடத்தை நடத்தியவன் அடியேன். அவன் அதைச் செவ்வனே கற்றான். ப்ரயோஜநாந்தரம் கூடாது, கைங்கர்யமே புருஷார்த்தம் என்று ஊரெல்லாம் உபந்யாஸம் செய்துவிட்டு, சொந்த அகத்தில் பிள்ளையின் கையில் துடைப்பத்தையும் காசையும் ஒன்றாகக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் அவனிடம் காசைப் பற்றிப் பேசவில்லை. கோயிலாழ்வாருக்கு முன்னுள்ள இடத்தை மட்டும் காட்டி, "இது உன் பொறுப்பு" என்றேன். அவன் கேட்டான்: "இன்னிக்குப் பெருக்கினா நாளைக்கும் தூசி வருமே, தாத்தா? அப்புறம் எதுக்குப் பெருக்கணும்?"

பெரியவர்களும் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி இது. உடனே விடை சொல்லாமல், "பெருமாளுக்குத் தினமும் திருமஞ்சனம் பண்ணுகிறோமே, அவர் மேல் அழுக்கு இருக்கிறதா?" என்று கேட்டேன். இல்லை என்றான். "பிறகு ஏன் பண்ணுகிறோம்?" சற்று யோசித்து, "அவருக்குப் பிடிக்கும்" என்றான். அதற்கு மேல் அடியேன் விளக்கவில்லை.

நாம் வீட்டுச் சந்நிதியைக் கோயிலாழ்வார் என்று வழங்குகிறோம். ஏன் அந்தப் பெயர் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது அரிது. திருமலையில் உகாதி, ஆனிவார ஆஸ்தானம், ப்ரஹ்மோத்ஸவம், வைகுண்ட ஏகாதசி ஆகியவற்றுக்கு முன்வரும் செவ்வாய்க்கிழமையில், ஆண்டுக்கு 4 முறை கோயில் ஆழ்வார் திருமஞ்சனம் நடைபெறுகிறது. மூலவரை வஸ்திரத்தால் மறைத்துவிட்டு, சந்நிதியின் தரை, சுவர், விதானம், பூஜைப் பாத்திரங்கள் அனைத்தையும் நீரால் தூய்மைசெய்வர். பின்பு பச்சைக்கற்பூரம், சந்தனம், மஞ்சள், பூலாங்கிழங்கு முதலியவை சேர்ந்த பரிமளத்தைச் சுவர்களில் பூசுவர். அதன் பின்னரே வஸ்திரம் களைந்து அமுது கண்டருளப்பண்ணுவது. கழுவப்படும் கட்டடத்துக்கே ஆழ்வார் என்று திருநாமம். கழுவுதலுக்குத் திருமஞ்சனம் என்று பெயர். எம்பெருமானைத் தாங்கும் இடமும் நம்மால் ஆராதிக்கப்படும் ஒரு பாகவதரே என்னும் கருத்து அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வீட்டைத் திருமாளிகை என்று சொல்லும் நாம், அதன் தரையைத் தொடும்போது இந்த மதிப்போடு தொடுகிறோமா?

மதிப்பு என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. பல அகங்களில் பெருக்குவதற்கென்று ஒரு அம்மாள் காலையில் வந்து போகிறாள். அவள் குனிந்து பெருக்கிக்கொண்டிருக்க, பிள்ளைகள் பிஸ்கட் உதிர்த்தபடியே அவளைத் தாண்டி நடக்கின்றன. அக்கணத்தில் பிள்ளை என்ன கற்கிறது என்று நாம் எண்ணுவதில்லை. உதிர்ப்பது தனக்கு உரியது, எடுப்பது வேறொருவருக்கு விதித்தது என்று கற்கிறது. இவ்வெண்ணம் முளைத்த நெஞ்சில் அடியார்க்கு அடிமை என்னும் சொல் பின்பு எப்படி ஏறும்? ஒரு வாரம் தானே குனிந்து பெருக்கிய பிள்ளைக்கு முதுகு வலிக்கும். வலித்த பின்பு அது அந்த அம்மாளைப் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும். பேரன் மூன்றாம் நாளே கட்டிலடியில் இருந்த தன் மரப்பாச்சிகளை எடுத்துவைத்து, அவளுக்கு வழிவிட்டான். யாரும் சொல்லவில்லை.

இப்பணி பெண்பிள்ளைகளுக்கே உரியது என்று சிலர் கருதுவதும் உண்டு. நாச்சியார் திருமொழியின் முதல் பதிகத்தில் ஆண்டாள் தை மாதம் முழுவதும் தரையைத் தூய்மைசெய்து மண்டலமிட்டு, மாசி பிறந்ததும் நுண்மணல் கொண்டு தெருவை அலங்கரிக்கிறாள்; உண்மை. ஆனால் பூரி ஜகந்நாதருடைய ரதயாத்திரையில் தேர்த்தட்டைப் பொற்பிடியுள்ள துடைப்பத்தால் பெருக்குகிறவர் கஜபதி மன்னர். மாறனும் வாசல் பெருக்குவதை ஆண், பெண் என்று பிரித்துச் சொல்லவில்லை.

வாசலைச் சொன்னதிலும் ஒரு சுவை உண்டு என்று அடியேனுக்குத் தோன்றுகிறது. கர்ப்பக்ருஹத்துள் புக எல்லோருக்கும் அதிகாரம் இல்லை. வாசல் அப்படியன்று, அங்கே படிந்திருப்பது உள்ளே சேவிக்கச் சென்ற அடியார்களின் பாததூளி. அதைப் பெருக்குகிறவன் தலையில் சிறிது படியாமல் இராது. அது அவனுக்கு நஷ்டமா, லாபமா? தொண்டரடிப்பொடி என்றே ஓர் ஆழ்வார் திருநாமம் பூண்டிருக்க, விடை தேட வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்குப் பழக்குவோர் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். துடைப்பத்தைத் தண்டனையாகக் கொடுத்துவிடலாகாது. அடியேன் படித்த பள்ளியொன்றில் பாடம் ஒப்பிக்காதவனுக்கு வகுப்பறையைப் பெருக்கும் தண்டனை. அந்த வெறுப்பு நீங்க இருபது வருஷம் ஆயிற்று. பிள்ளை பெருக்கி முடித்ததும், அதன் கண்ணெதிரே நாம் துடைப்பத்தை வாங்கி மறுபடி பெருக்குவதும் அதற்கு ஒத்த கொடுமையே.

விடுமுறை முடிந்து ஊருக்குப் புறப்படும் நாளில், வண்டி வாசலில் நிற்க, பேரன் கோயிலாழ்வாருக்கு முன் அவசரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தான். அவன் தாய் இரண்டு முறை அழைத்தாள். குப்பையை முறத்தில் வாரிக் கொட்டிவிட்டுச் சேவித்து ஓடினான். பத்து ரூபாயைப் பற்றி அவனும் கேட்கவில்லை, அடியேனும் சொல்லவில்லை. விளக்குக்குப் பின்னே மூலையில் சிறிது தூசி விட்டுப்போயிருந்தது. அதை எடுக்க அன்று அடியேனுக்கு மனம் வரவில்லை.