குணத்துக்கு மதிப்பெண் உண்டா?

வைத்தியன், மருந்து, பணிவிடை செய்வோன், நோயாளி என்று சிகிச்சைக்கு நான்கு பாதங்களை வகுத்த சரக சம்ஹிதை, பணிவிடை செய்வோனுக்குரிய குணங்களாகப் பணியின் முறையறிதல், கைத்திறன், பற்று, தூய்மை என்னும் நான்கைச் சொல்கிறது. முன்னிரண்டையும் பரீட்சை வைத்து அளந்துவிடலாம். பின்னிரண்டையும் எந்தக் கோலால் அளப்பது?

1965-ல் அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில், கடற்படையில் மருத்துவப்பணி புரிந்தவர்களைக் கொண்டு டாக்டர் யூஜின் ஸ்டெட் தொடங்கிய 'பிசிஷியன் அசிஸ்டென்ட்' என்னும் வைத்திய உதவியாளர் படிப்பில், இக்கேள்வி இன்று தினசரிப் பிரச்சினையாகவே இருக்கிறது. வகுப்புப் பாடங்களை முடித்த மாணவர் பொது மருத்துவம், அறுவை, குழந்தை மருத்துவம், அவசர சிகிச்சை எனத் துறைதுறையாகச் சென்று பயில்கையில், எழுத்துத்தேர்வு ஒருபுறமிருக்க, மேற்பார்வை வைத்தியரும் அவரை மதிப்பிடுகிறார். அம்மதிப்பீட்டில் நோய் நிர்ணயத் திறனோடு நேரந்தவறாமை, மரியாதை, வாய்மை ஆகியனவும் இடம்பெறுகின்றன.

ஒரு மாணவி, அவசரத்தில், நோயாளியின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைக்காமலே "இதய ஒலி இயல்பு" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறாள் என்று கொள்வோம். வைத்தியர் பின்னர் சோதிக்கையில் இதயம் இயல்பாகவே இருக்கிறது. எவருக்கும் தீங்கில்லை, எழுதியதும் பொய்த்துவிடவில்லை. அடுத்த கட்டிலருகே நிற்கும் மாணவனோ, நெடுநேரம் கேட்டும் ஒலியை இன்னதென்று பிரித்தறியமாட்டாமல், "எனக்குப் பிடிபடவில்லை, தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்" என்கிறான். விடையை மட்டும் திருத்துகிறவர் முன்னவளுக்கே மதிப்பெண் தருவார். நோயாளியை ஒப்படைக்க வேண்டியவர் பின்னவனையே தேடுவார்.

அறிவு சிறிது சிறிதாகக் கூடுவது. ஆகவே அறுவையில் பெற்ற 90, வேறொரு துறையில் பெற்ற 60-க்கு ஈடுகொடுக்க, இரண்டுக்கும் சராசரி காண்பதில் நியாயமுண்டு. ஆனால், ஒன்பது நோயாளிகளிடம் மெய்யெழுதிப் பத்தாமவரிடம் பொய்யெழுதியவனை 90 சதவீதம் சத்தியவான் என்று சொல்வாருண்டோ? நல்ல மதிப்பெண் பெற்றவரையும் நடத்தைக் குற்றம் ஒன்றுக்காகவே பயிற்சியில் தோல்வியுறச் செய்யவும், குற்றம் கடுமையாயின் படிப்பிலிருந்தே நீக்கவும் அங்குள்ள கல்லூரிகளின் விதிகள் இடந்தருவது இதனால்தான்.

தண்டனைக்கு அஞ்சிக் காட்டும் ஒழுக்கம் நடிப்பன்றோ என்று ஆட்சேபிக்கலாம். நீதியான செயல்களைச் செய்து செய்தே மனிதன் நீதிமானாகிறான் என்று அரிஸ்டாட்டில் இதற்கு என்றோ சமாதானம் கூறியிருக்கிறார்; எனினும், அப்பியாசம் குணமாக முதிர்ந்ததா என்பதைச் சில வாரப் பழக்கத்தில் எந்த ஆசிரியரும் கண்டுவிட முடியாது. ஆகையால் விதியானது கண்ணுக்குத் தெரிந்த செயலை விசாரிக்கலாமேயன்றி, உள்ளத்துக்குத் தீர்ப்பெழுதலாகாது. குறையை உரிய காலத்தில் எடுத்துச் சொல்லி, மாணவரின் விளக்கத்தையும் கேட்ட பின்னரே தண்டிக்க வேண்டும். "மனப்பான்மை சரியில்லை" என்ற ஒற்றை வரியால் ஒருவருடைய எதிர்காலத்தை முடித்துவிடுவதும் அதர்மமே.

அந்த எல்லைக்குள் விதி கண்டிப்பாகவே இருக்கட்டும். உதவியாளர் செய்த சோதனை ஒவ்வொன்றையும் வைத்தியர் திரும்பச் செய்வதில்லை; உதவியாளர் எழுதியதை நம்பியே பல சமயங்களில் சிகிச்சை தீர்மானமாகிறது. அந்நம்பிக்கைக்குப் பாத்திரமாகாதவர் கற்ற வித்தை எவ்வளவாயினும், அதை ஒரு நோயாளியிடம் பிரயோகிக்க அவருக்கு உரிமையில்லை.