காட்டை எரிப்பவனும், எரிவதைப் பார்த்திருப்பவனும்

 

சூரா அல்பகராவின் 204, 205ஆம் வசனங்களில் அல்லாஹ் ஒரு மனிதனை நமக்குக் காட்டுகிறான். கேட்பவரைக் கவரும்படி பேசுவான். அல்லாஹ்வையே சாட்சிக்கு அழைப்பான். ஆனால் முகம் திருப்பிப் போனதும் பூமியில் குழப்பம் செய்வான். விளைச்சலையும் சந்ததியையும் அழிப்பான். விளைச்சலும் சந்ததியும் ஏன் ஒன்றாகச் சொல்லப்பட்டன? இந்தோனேசியாவில் நடந்ததைப் பார்த்தால் விளங்கும்.

அது 20 கோடிக்கும் அதிகமான முஸ்லிம்கள் வாழும் நாடு. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் பெரிய சதுப்புக் காடுகள் உண்டு. அங்கே விழுந்த இலையும் மரமும் தண்ணீருக்குள் கிடப்பதால் முழுதாக மக்குவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்து கரி மண்ணாகக் கிடக்கின்றன. சில இடங்களில் 10 மீட்டருக்கும் மேல் ஆழம். தண்ணீர் இருக்கும்வரை அது பத்திரமான ஒரு அமானிதம்.

1996இல் அதிபர் சுஹார்த்தோவின் அரசு, மத்திய கலிமந்தானில் சுமார் 10 லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கப் புறப்பட்டது. மக்களுக்குச் சோறு என்றார்கள்; கேட்க இனிமையான பேச்சுதான். காட்டை வெட்டி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கால்வாய் தோண்டித் தண்ணீரை வடித்தார்கள். அந்தப் புளித்த மண்ணில் நெல் சரியாக விளையவில்லை. மண் மட்டும் காய்ந்தது. 1997இல் மழை பொய்த்தபோது பற்றி எரிந்தது.

பிறகு செம்பனைத் தோட்டங்கள் பெருகின. காட்டைத் திருத்த இயந்திரம் வைப்பதைவிட நெருப்பு வைப்பது மலிவு. ஆனால் காய்ந்த கரி மண்ணில் வைத்த நெருப்பு பூமிக்குள் இறங்கிவிடும். மேலே அணைத்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். பெருமழை வந்தால்தான் அடங்கும்.

2015இல் அப்படித்தான் ஆனது. சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. இழப்பு 1,600 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது. செப்டம்பர், அக்டோபரில் பல நாட்கள், அந்த நெருப்பு மட்டும் வெளியிட்ட கரியமில வாயு அமெரிக்கா முழுவதும் ஒரு நாளில் வெளியிடுவதைவிட அதிகமாக இருந்தது. புகை சிங்கப்பூர், மலேசியா வரை போனது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. லட்சக்கணக்கானோருக்கு மூச்சுக்கோளாறு, கைக்குழந்தைகளும் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தார்கள். விளைச்சலும் சந்ததியும் என்பது இதுதான்.

மறு ஆண்டு, 2016இல், இந்தோனேசிய உலமா சபை ஒரு ஃபத்வா கொடுத்தது. கேடு விளைவிக்கும் வகையில் காட்டை எரிப்பது ஹராம். அதோடு நிறுத்தவில்லை. எரிக்க வசதி செய்து கொடுப்பதும், தடுக்காமல் விடுவதும், அதில் லாபம் பார்ப்பதும் ஹராம் என்றது.

தடுக்காமல் விடுவது எப்படிக் குற்றமாகும் என்று கேட்பீர்கள். கப்பலின் ஹதீஸை நினைத்துப் பாருங்கள். நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவித்து புகாரியில் பதிவானது. கீழ்த்தளத்தில் இருப்பவர்கள், தண்ணீருக்காக மேலே போய்த் தொல்லை கொடுப்பானேன், நம் பகுதியில் ஓட்டை போட்டுக்கொள்வோம் என்கிறார்கள். மேலே உள்ளவர்கள் அவர்களை அப்படியே விட்டுவிட்டால் எல்லோருமே மூழ்கிப் போவார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள்.

சரி, நமக்கென்ன? உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்வது நம் நாடு. அதில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு வாங்கும் பாக்கெட், ரமழானில் சமோசாவும் வடையும் பொரியும் சட்டி, பிஸ்கட், சோப்பு, எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

அந்த எண்ணெய் ஹராம் என்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஒரு ஹெக்டேரில் செம்பனை தரும் அளவு எண்ணெயை வேறெந்தப் பயிரும் தராது. அதை விட்டு வேறு பயிருக்குப் போனால் இன்னும் அதிக நிலம் வேண்டும். அங்குள்ள தோட்டங்களில் கணிசமான பகுதி சிறு விவசாயிகளுடையவை. அவர்களின் ரிஸ்க் அதில் இருக்கிறது. ஏழை வீட்டில் 25 ரூபாய் எண்ணெய்தான் முடியும். அவர்களிடம் இந்தப் பேச்சை எடுக்க எனக்கு வாய் வராது.

ஆனால் இந்த ஜமாஅத்தில் எண்ணெய் மொத்த வியாபாரம் செய்பவர்கள் இருக்கிறீர்கள், ஹோட்டல், பேக்கரி நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். எடை சரியா, கலப்படம் உண்டா என்று கேட்கும் நீங்கள், எரித்த காட்டில் விளைந்ததா என்று சரக்கு தருபவரிடம் ஒருமுறை கேட்டதுண்டா? காட்டை அழிக்காமல் விளைந்தது என்று சான்று பெற்ற எண்ணெயும் சந்தையில் இருக்கிறது. விலை கொஞ்சம் கூடும். அடுத்த கொள்முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.