வெல்வாரா என்று கேட்கிறார்கள்

அட்லாண்டா நகரத்துச் சிறைச்சாலை. ஆண்டு 1920. கைதி எண் 9653. அறுபத்தைந்தை எட்டும் வயது. முதல் உலகப் போரைக் கண்டித்து 1918 ஜூன் திங்களில் ஓஹையோ மாநிலத்துக் கேண்டன் நகரில் ஆற்றிய சொற்பொழிவுக்குப் பரிசு, பத்தாண்டுச் சிறை! வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. தமக்குத் தாமே வாக்களித்துக்கொள்ளவும் வழியற்ற அந்த மனிதரின் பெயர், அவ்வாண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின் வாக்குச்சீட்டில் இருந்தது. 9 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் பெயருக்கு வாக்களித்தனர்.

யூஜின் டெப்ஸ் அவர் பெயர். பதினான்கு வயதில் இரயில்வேப் பட்டறைக்கு வேலைக்குப் போனவர். இரயில்வேத் தொழிலாளரைத் திரட்டி, 1894இல் புல்மன் வேலைநிறுத்தத்திலே நாட்டின் தண்டவாளங்களையே உறங்க வைத்தவர். தலைவர் பதவிக்கு ஐந்து முறை நின்றார். ஐந்து முறையும் தோற்றார்.

அந்த 9 இலட்சம் பேரும் அறியாதவர்களா? கைதியின் உடையில் இருப்பவர் வெள்ளை மாளிகைக்குள் நுழையப்போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே வாக்களித்தார்கள். அப்படியானால் வாக்கை வீணடித்தார்களா?

கேள்வி பழையது. ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் புத்தாடை உடுத்தி வருகிறது. கட்சிக் கோட்டைகளுக்கு வெளியே நிற்கும் ஒரு முற்போக்காளர், செல்வர் தயவும் ஏடுகளின் ஆதரவும் இன்றித் தலைவர் தேர்தலில் வெல்ல முடியுமா? கேட்பவர் கெட்டவர் அல்லர். பெரும்பாலும் நம்மவர்தாம். "அவர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் வெல்ல மாட்டாரே!" என்று பெருமூச்சு விடுகிறார், விட்டபின், தாம் சரி என்று ஒப்பாத ஒருவருக்கு வாக்களித்துவிட்டு வீடு திரும்புகிறார்.

தோழர்களே, செவ்வாய் தோஷம் என்று ஒரு சங்கதி உண்டல்லவா? நல்ல பெண். படித்தவள், பண்புள்ளவள். சோதிடன் கட்டத்தைப் பார்க்கிறான், உதட்டைப் பிதுக்குகிறான், "இவளுக்கு மணம் அமைவது கடினம்" என்கிறான். வந்த வரனெல்லாம் அதைக் கேட்டுத் திரும்பிப் போகிறது. பத்தாண்டு கழித்து, "பார்த்தீர்களா, நான் சொன்னது பலித்தது" என்று நெஞ்சை நிமிர்த்துகிறான் அவன். பலிக்க வைத்தது வானத்துச் செவ்வாயா, வாசலில் அமர்ந்து வாய் வளர்த்த அவனா?

"வெல்ல மாட்டார்" என்ற சொல்லும் அத்தகையதே. அது நிலைமையை அளந்து சொல்வதுபோல் தோன்றும். உண்மையில் நிலைமையை அதுவே ஆக்குகிறது. 1928இல் ஆல் ஸ்மித் தோற்றார். கத்தோலிக்கர் எவரும் அமெரிக்கத் தலைவராக முடியாது என்பது அன்று முதல் அரசியல் பஞ்சாங்கத்தில் ஏறிற்று. முப்பத்திரண்டு ஆண்டு அது அழியவில்லை. 1960 மே திங்களில், கத்தோலிக்கர் மிகச் சிலரே வாழும் மேற்கு வர்ஜீனியாவுக்குப் போய், சுரங்கத் தொழிலாளரிடம் நேரில் வாக்குக் கேட்டார் கென்னடி. வென்றார். (அவர் ஏழைப் பங்காளர் அல்லர், செல்வச் சீமான் வீட்டுப் பிள்ளை என்பதை மறக்க வேண்டாம். பணம் இல்லாதவருக்குப் பஞ்சாங்கத்தை மீறுவது இன்னும் அரிது.)

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2020இல் பெர்னி சாண்டர்ஸ் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தகுதிக்காகப் போட்டியிட்டார். வெர்மான்ட் மாநிலத்தின் செனட்டர். எந்தக் கட்சியையும் சாராதவராகவே அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தம்மை ஜனநாயக சோஷலிஸ்டு என்று வெளிப்படையாகச் சொல்பவர். அனைவருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்பது அவர் முழக்கம். மார்ச் 3 அன்று பல மாநிலங்களில் ஒருங்கே உட்கட்சி வாக்கெடுப்பு. அதற்கு முந்திய இரண்டு நாட்களில் பூட்டெஜெஜ், குளோபுசார் என்னும் இரு போட்டியாளர்கள் விலகி, பைடனுக்குத் துணை நின்றனர். அன்று டெக்ஸாஸ் மாநிலத்தில் வாக்களித்து வெளியே வந்தோரைக் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டோர் அந்த மருத்துவத் திட்டத்தை ஆதரிப்பதாகவே சொன்னார்கள். ஆனால் அங்கே வென்றவர் அத்திட்டத்தை ஏற்காத பைடன்! கொள்கையில் ஒத்தவரைவிட டிரம்பை வீழ்த்தக்கூடியவரே வேண்டும் என்பது அவ்வாண்டு அக்கட்சி வாக்காளரில் பெரும்பாலோரின் எண்ணம்.

அவர்களைக் கோழைகள் என்று எழுதிவிடலாம். பேனாவுக்கு என்ன, எளிது. ஆனால் அதற்கு மூன்று நாள் முன்னர் தென் கரோலினாவில் பைடனைத் தூக்கி நிறுத்தியவர்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் முதிய நீக்ரோ மக்கள் என்று அந்நாள் ஏடுகள் எழுதியிருக்கும். இந்நாளில் கறுப்பின மக்கள் என்கிறோம். வாக்குச் சாவடியின் வாயிலில் தடியடி பட்ட தலைமுறை அது. தோற்றால் இழப்பு முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்பதைப் பட்டறிந்தவர்கள். அவர்களது அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. தோல்வியின் விலையைத் தான் கொடுக்காதவன், கொடுக்கப்போகிறவனுக்குத் துணிவைப் பற்றிப் பாடம் எடுப்பது அழகன்று.

ஆகவே பகுத்தறிவாளன் இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும்: கணிப்பு வேறு, கணக்கு வேறு. மக்கள் மனம் மாறாது என்பது கணிப்பு. வாக்குகள் எவ்வாறு எண்ணப்படுகின்றன என்பது கணக்கு. முன்னதை எதிர்த்து நிற்பது வீரம். பின்னதைக் காணாமல் கண்ணை மூடிக்கொள்வதும் ஒருவகை மூடநம்பிக்கையே.

1948 தேர்தலைப் பாருங்கள். ரூஸ்வெல்ட்டின் துணைத் தலைவராக இருந்த ஹென்றி வாலஸ் தனிக் கட்சி கண்டு நின்றார். தென் மாநிலங்களில் வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் ஒரு பக்கம் என்று பிரித்து உட்காரவைத்த கூட்டத்தில் பேச மறுத்தார். முட்டையும் தக்காளியும் அவர்மீது பறந்தன. அதே தேர்தலில், அந்தப் பிரிவினை நிலைக்க வேண்டும் என்பதற்காகவே நின்றவர் ஸ்டிராம் தர்மண்ட். இருவருக்கும் கிடைத்தவை ஏறத்தாழ ஒரே அளவு வாக்குகள், தலைக்கு 11 இலட்சத்துச் சொச்சம். ஆனால் அங்கே தலைவரைத் தேர்பவர்கள் மாநிலந்தோறும் அமையும் தேர்வாளர்கள். ஒரு மாநிலத்தில் முந்தியவருக்கே பெரும்பாலும் அதன் தேர்வாளர் அனைவரும். தர்மண்டின் வாக்குகள் தெற்கே குவிந்திருந்தன. 39 தேர்வாளர்களைப் பெற்றார். வாலஸின் வாக்குகள் சிதறியிருந்தன, ஒருவரும் இல்லை! அறம் எங்கே நின்றது, எண்ணிக்கை எங்கே நின்றது பார்த்தீர்களா?

2000ஆம் ஆண்டின் புளோரிடாக் கதை இன்னும் கசப்பானது. புஷ் அங்கே முந்தியது 537 வாக்குகளால். முற்போக்கு வேட்பாளர் ரால்ஃப் நாடர் அங்கே பெற்றவை 97 ஆயிரத்துக்கும் மேல். மறு எண்ணிக்கையை நிறுத்தியது உச்ச நீதிமன்றம். பழி முழுவதும் நாடருக்கு உரியதன்று. எனினும் அங்கே அவருக்கு வாக்களித்தவன், 2003இல் ஈராக்கின்மீது குண்டு விழுந்தபோது, "என் கை தூய்மை" என்று சொல்லிக்கொண்டு உறங்கியிருப்பானா? தூய்மையான கை மட்டுமே போதும் என்பது துறவியின் அறம். ஊரோடு வாழ்கிறவனுக்கு அது போதாது.

சாண்டர்ஸ் இந்தக் கணக்கை அறிந்தவர். 1979இலேயே டெப்ஸின் வாழ்வைப் பற்றி ஒரு படம் எடுத்தவர் அவர். ஆனால் டெப்ஸ் சென்ற வழியில் தனித்து நிற்காமல், பெரிய கட்சியின் வாசலுக்குள் புகுந்து போட்டியிட்டார். 2016இல் ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் வாக்கு பெற்றார். உட்கட்சிப் போட்டியில் முதல் விருப்பத்துக்கே வாக்களிப்பதால் எதிர்க்கட்சி வென்றுவிடாது. அங்கே தயங்கியவனைத் தடுத்ததில் கணக்கைவிடக் கணிப்பே மிகுதி. 1920இல் டெப்ஸுக்கு வாக்களித்தவனுக்கோ இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஹார்டிங் வெற்றி மலையளவு. அந்த வாக்குச் சீட்டு வீண் என்பவர்கள் ஒன்றை நினைக்கட்டும்: முதியோர் ஓய்வூதியமும் குழந்தைத் தொழிலாளர் தடையும் 1912இலேயே டெப்ஸின் கட்சி கேட்டவை. 1935இலும் 1938இலும் சட்டமாக்கியவர் ரூஸ்வெல்ட். தோற்றவரின் தோட்டத்தில் பழம் பறித்தவர் வென்றவர்.

கணக்கை மாற்றி அமைத்த நாடும் நம் அருகிலேயே உண்டு. இலங்கையில் தலைவர் தேர்தலில் வாக்காளன் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் எனக் குறிக்கலாம். விரும்பியவருக்கு முதலிடம் தருவதால் வாக்கு பாழாவதில்லை. 2019இல் அநுர குமார திசாநாயக்க பெற்றது 3.16 விழுக்காடு. வெல்வாரா என்று கேட்கக்கூட அன்று ஆளில்லை. 2022இல் நாட்டின் கருவூலம் காலியாகி, மக்கள் தெருவுக்கு வந்து, ஆண்டவர்கள் ஓடியபின், 2024இல் 42.31 விழுக்காடு பெற்று முந்தினார். வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பங்களையும் எண்ணித் தலைவராக அறிவித்தார்கள்.

ஆயினும் அத்தேர்தலில் வடக்கிலும் கிழக்கிலும் முந்தியவர் அவரல்லர், பிரேமதாச. அவருடைய கட்சியான ஜே.வி.பி. நீதிமன்றம் சென்று, 2006இல் தீர்ப்புப் பெற்று, வடகிழக்கு மாகாணத்தை இரண்டாகப் பிரிக்க வைத்ததை அங்குள்ளவர்கள் மறக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழன் அன்று வாக்குச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தது, அவர் வெல்வாரா என்பதையன்று. வென்றபின் தனக்கு என்ன செய்வார் என்பதை.