தட்டில் இல்லாததை எழுதித் தரலாமா?

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. பாதிக்கு மேற்பட்ட குறள்கள் சாப்பாட்டைப் பற்றியவை. செரித்தபின் சாப்பிடு, அளவோடு சாப்பிடு என்கிறார் வள்ளுவர். சோறு இருப்பவருக்கு அது சரி. இல்லாதவருக்கு?

வள்ளலார் புத்தி சொன்னதோடு நிற்கவில்லை, 1867-இல் வடலூரில் பசித்தவர்களுக்காக அடுப்பு மூட்டினார்.

எம்.பி.பி.எஸ். மாணவர் இந்த அறிவுரைக்கும் அடுப்புக்கும் நடுவில்தான் நிற்கிறார். வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி, ஸ்கர்வி, பெலாக்ரா எல்லாம் அவருக்கு மனப்பாடம். சில குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிப்பதும் இப்போது பாடத்திட்டத்தில் உண்டு. “நேத்து காலையில இருந்து என்னம்மா சாப்பிட்டீங்க?” என்று கேட்கப் பழக வேண்டும். “ரேஷன் அரிசிச் சோறு, ரசம், நடுவுல ரெண்டு டீ, தம்பி” என்று பதில் வந்தால், முட்டையும் பருப்பும் சாப்பிடச் சொல்லிவிட்டு எழுந்துவிடலாமா? வாங்க முடியாததைப் பரிந்துரைப்பது கடமையா, கைகழுவலா?

ஆத்தூர் வட்டாரத்துக் காந்திகிராமத்தில் இதற்கு ஒரு பழைய பதில் உண்டு. டெல்லியில் மருத்துவம் படித்த டி.எஸ்.சௌந்தரம், டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். கணவர் ஜி.ராமச்சந்திரனுடன் 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கியவர், ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. பள்ளி, கிராமத் தொழில் என்று போனார். வருமானமும் வைத்தியத்தில் சேர்த்திதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எல்லா டாக்டரும் தறி போட வேண்டியதில்லை. அந்த வீட்டுக்கு எட்டுகிற யோசனையைச் சொன்னாலே போதும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சை பிழிந்தால் கூடுதலாகச் சேரும். கொல்லை முருங்கைக்குக் காசு கிடையாது. வாய்மொழித் தேர்வான வைவாவில் வைட்டமின் பெயரோடு அன்றைய பருப்பு விலையையும் கேட்கலாம்.