ஒரு அலைக்கு ஒருத்தர்: செந்தூரான் கரையில் நிக்கிறவனுக்கு ஒரு பாடம்

ஓம் சரவணபவ! 

பெரம்பலூர், அரியலூர்க்காரங்களுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. காரை பக்கம் மண்ணுல கிடக்குற கல்லாப்போன சிப்பியைப் பாத்திருப்பீங்க. வாரணவாசி அருங்காட்சியகத்துலயும் வச்சிருக்காங்க. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊரே கடல்தான். அதனால கடல் சொல்ற பாடத்தை நாமளும் கேக்கலாம், தப்பில்ல.

நான் சென்னையில ஐடி வேலையில இருக்கேன். லீவு நாள்ல கோவளம் கடற்கரைக்குப் போறதுண்டு. மூர்த்தி மேகவன்ங்கிற மீனவர் அலைச்சறுக்கு கத்துக்கிட்டு, தன் குப்பத்துப் பசங்களுக்கும் சொல்லிக் கொடுத்து, நண்பர்களோட சேர்ந்து அங்க ஒரு சர்ஃபிங் பள்ளியையே உருவாக்கினார். இப்போ இந்தக் கரை எங்கயோ போயிடுச்சு. 2025 ஆகஸ்ட்ல பக்கத்து மாமல்லபுரத்துல ஆசிய சர்ஃபிங் போட்டியே நடந்தது. அதுல ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார்.

பலகை மேல ஏறி நிக்கிறதுதான் சர்ஃபிங்னு நினைக்கிறோம். ஆனா உலகம் முழுக்க சர்ஃபிங் பண்றவங்க மத்தியில எழுதாத சட்டம் சிலது இருக்கு. அதைப் படிச்சா நம்ம கோயில் வரிசைக்குன்னே எழுதின மாதிரி இருக்கும்.

முதல் சட்டம்: ஒரு அலைக்கு ஒருத்தர். அலை எந்த இடத்துல உடைய ஆரம்பிக்குதோ, அதுக்குப் பக்கத்துல இருக்கிறவங்களுக்குத்தான் அந்த அலை. அவர் வந்துக்கிட்டு இருக்கும்போது முன்னாடி போய்க் குதிக்கக் கூடாது. ஏன்னா வேகமா வர்றவரால சட்டுனு ஒதுங்க முடியாது. பலகையும் ஃபின்னும் மண்டையில பட்டா உயிருக்கே ஆபத்து. போட்டியில இப்படிக் குறுக்க வந்தா மார்க்கைக் குறைச்சிடுவாங்க.

நம்ம ரோட்டுல மார்க்கைக் குறைக்க யாரும் இல்ல. ஒரு பக்கம் சிமெண்ட் ஆலை லாரி, சுண்ணாம்புக்கல் லாரி. இன்னொரு பக்கம் ரோட்டு ஓரமா விடியக்காலை இருட்டுல பாதயாத்திரை போறவங்க. நடுவுல வண்டியில வேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு புகுந்து புகுந்து போற நாம. ஸ்டிக்கர்ல இருக்கிற வேல் முக்கியமா, காலுல கொப்புளத்தோட நடக்குற அந்த அம்மா முக்கியமா? முருகன்கிட்ட கேட்டா என்ன சொல்லுவார்னு நமக்கே தெரியும்.

இரண்டாவது சட்டம் இன்னும் நுணுக்கம். அலை உடையுற இடத்துக்குப் பக்கத்துல இருக்கிறவருக்கே உரிமைன்னு தெரிஞ்சதும் சிலபேர் என்ன பண்ணுவாங்கன்னா, காத்திருக்கிறவங்களைச் சுத்திச் சுத்தி வந்து, ஒவ்வொரு தடவையும் தான்தான் பக்கத்துல இருக்கிற மாதிரி நின்னுக்குவாங்க. பாம்பு மாதிரி வளைஞ்சு போறதால அதுக்கு ‘ஸ்நேக்கிங்’னு பேரு. கணக்குப்படி அவங்க எதையும் மீறல. ஆனாலும் கடல்ல அவங்களை யாரும் மதிக்க மாட்டாங்க.

கிருத்திகை அன்னிக்கு வரிசையில ஒருத்தரை நிக்க வச்சிட்டு, கடைசி நேரத்துல பத்து பேர் வந்து சேந்துக்கிறதும் இதேதான். “எங்க ஆளு முன்னாடியே நிக்கிறாரே!” பேச்சுக்குச் சரி, தர்மத்துக்குச் சரியில்ல. பின்னாடி கைக்குழந்தையோட நிக்கிற அக்காவுக்கு அந்தப் பத்து பேரால அரை மணி நேரம் தள்ளிப் போகுது. நல்லா சர்ஃபிங் தெரிஞ்சவங்க நினைச்சா எல்லா அலையையும் எடுக்கலாம். ஆனா நல்லவங்க நாலு அலை எடுத்துட்டு, அஞ்சாவதைப் புதுசா கத்துக்கிற பையனுக்கு விட்டுடுவாங்க. அதோட நிக்காம, “போ தம்பி, இது உன் அலை”ன்னு சத்தமும் கொடுப்பாங்க.

மூணாவது: பலகையைக் கைவிடாதே. பெரிய அலை வந்தா பயத்துல பலகையை வீசிட்டு முங்கத் தோணும். ஆனா பின்னாடி ஒருத்தர் இருப்பார். நம்ம கையில இருக்கிறதுக்கு நாமதான் பொறுப்பு. காவடி எடுக்கிறவங்களுக்கும், ராத்திரி பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் வைக்கிறவங்களுக்கும் இது பொருந்தும். பக்கத்து வீட்டுல பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும், ஆஸ்பத்திரியில இருந்து வந்த பெரியவர் இருப்பார்.

நாலாவதுதான் என்னை உலுக்கினது. கடலுக்குள்ள நீந்திப் போகும்போது எதிர்ல ஒருத்தர் அலையில வந்தா, அவர் பாதையில குறுக்க போகாம, நுரை பொங்கி அடிக்கிற பக்கமா ஒதுங்கணும். நமக்குத்தான் அடி விழும், தண்ணி குடிப்போம். பரவாயில்ல, அந்த அடியை நாம வாங்கிக்கணும். அடுத்தவர் சந்தோஷம் கெடக் கூடாதுன்னு தனக்கு வர்ற கஷ்டத்தை ஏத்துக்கிறதுதானே விரதம்? வெறும் வயித்தோட இருக்கிறது மட்டுமா?

இப்போ திருச்செந்தூருக்கு வாங்க. ஆறுபடை வீட்டுல கடற்கரையில இருக்கிறது அதுதான். அங்க நடந்தது நமக்குத் தெரியும். சூரபத்மன் கடலுக்குள்ள மாமரமா நின்னான். வேல் அவனை ரெண்டாப் பிளந்தது. அதுக்கப்புறம் முருகன் என்ன செஞ்சார்? அவனை அழிச்சிட்டுப் போகல. ஒரு பாதியை மயிலாக்கித் தன் பக்கத்துலயே வச்சுக்கிட்டார், இன்னொரு பாதியைச் சேவலாக்கித் தன் கொடியில ஏத்தினார். சண்டைக்கு வந்தவனுக்கே இடம் கொடுத்த சாமி அவர். அவரைக் கும்பிடப் போற நாம, பக்கத்துல நிக்கிற பக்தருக்கு ஒரு அடி இடம் விட மாட்டோமா?

அடுத்த கிருத்திகைக்கு செட்டிகுளம் மலை ஏறுவோம் இல்லையா, அங்க தண்டாயுதபாணி கையில கரும்போட நிக்கிறார். அந்த இனிப்பு நம்ம நடத்தையிலயும் கொஞ்சம் இருக்கட்டும். படியில மூச்சு வாங்குற பெரியவருக்குக் கை கொடுங்க. வரிசையில ஒருத்தரையாவது முன்னாடி விடுங்க. வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியை மெதுவா ஓட்டுங்க.

அவசரப்படாதீங்க சொந்தங்களே, அடுத்த அலை வரும். முருகன் எங்கயும் போயிட மாட்டார்.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!