வெளிக்கருவியும் உட்கருவியும்

திருமலையில் வேங்கடவனைத் தரிசிக்க வரிசையில் நுழையும் முன் ஒவ்வொரு பக்தரும் செய்தாக வேண்டிய செயல் ஒன்று உண்டு. தம் செல்பேசியை அதற்கென அமைந்த இடத்தில் ஒப்படைத்துவிட்டுச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆலயத்தினுள் செல்பேசிக்கு அனுமதி இல்லை.

அதன் பிறகு நடப்பதைக் காத்திருப்புக் கூடத்தில் அமர்ந்து கவனித்தவர்கள் அறிவார்கள். முதல் அரை மணி நேரம் கை தானாகவே சட்டைப்பையைத் தேடுகிறது. அங்கு ஒன்றுமில்லை என்று கண்டு திரும்புகிறது. சற்று நேரத்தில் மீண்டும் தேடுகிறது. நேரம் நீள நீளக் காட்சி மாறுகிறது. பக்கத்தில் இருக்கும் முதியவரிடம் ஒருவர் ஊரும் பேரும் விசாரிக்கிறார். குழந்தை தந்தையின் மடியில் ஏறிக் கதை கேட்கிறது. எங்கிருந்தோ ஒரு குரல் கோவிந்த நாமத்தை எழுப்ப, கூடம் முழுவதும் அதை ஏற்றுச் சொல்கிறது.

சட்டைப்பையைத் தேடியது கைதானா? கைக்கு ஏது ஆசை? கையை ஏவியது மனம். அப்படியானால், நாம் ஒப்படைத்துவிட்டு வந்தது வெளியே உள்ள ஒரு கருவியை மட்டுமே. அதற்குப் பழகிப்போன உட்கருவி நம்முடனேயே வரிசையில் வந்துவிட்டது.

தூரம் குறைந்தது

செல்பேசியைப் பழிப்பது எளிது. அது நியாயம் ஆகாது. 2022 வரை திருமலையையும் உள்ளடக்கியிருந்த சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், குப்பத்துக்கு அருகே, சாந்திபுரம் இருக்கிறது. ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் ஆகிய மூன்றும் சந்திக்கும் பகுதி அது. ஒரே சந்தையில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் கேட்கும். காய்கறி விளைவிப்போரும் பட்டுப்புழு வளர்ப்போரும் நிறைந்த வட்டாரம்.

தகவல் தொழில்நுட்பம் இம்மக்களுக்குப் புதிதன்று. 2002-ஆம் ஆண்டிலேயே ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனம் ஆந்திர அரசுடன் இணைந்து குப்பம் பகுதியில் 'ஐ-கம்யூனிட்டி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கிராமங்களில் தகவல் மையங்கள் அமைந்தன. சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் சிலருக்கு டிஜிட்டல் கேமராவும், சூரிய ஒளியால் இயங்கும் சிறிய அச்சுக் கருவியும் தந்து பயிற்சி அளித்தார்கள். அவர்கள் ஊர் ஊராகச் சென்று, விழாக்களிலும் வீடுகளிலும் படம் எடுத்து, அங்கேயே அச்சிட்டுத் தந்து பொருள் ஈட்டினார்கள். அதுவரை கேமராவைத் தொட்டறியாத கைகள் அவை.

அன்று சிலருக்கு மட்டும் கிடைத்த கருவி இன்று அனைவருடைய கையிலும் இருக்கிறது. 2016-இல் யுபிஐ முறை வந்தது. சில ஆண்டுகளில் இளநீர் வண்டியிலும் பூக்கடையிலும் கியூஆர் குறியீட்டு அட்டை தொங்கத் தொடங்கியது. சில்லறை இல்லை என்ற சண்டை ஓய்ந்தது. தக்காளி பறிக்கும் முன்பே விவசாயி பல சந்தைகளின் விலையைக் கேட்டறிய முடிகிறது. வளைகுடா நாட்டில் உழைக்கும் மகனின் முகத்தைத் தாய் அன்றாடம் பார்க்கிறாள். வேங்கடவனின் தரிசனச் சீட்டையும் வீட்டிலிருந்தபடியே பதிவு செய்துகொள்கிறோம். இவை சிறிய நன்மைகள் அல்ல. ஏழையின் அலைச்சலைக் குறைக்கும் எதுவும் இறைவனுக்கு உகந்ததே.

'மன மித்ரா'

2025 ஜனவரி 30 அன்று ஆந்திர அரசு வாட்ஸ்அப் வழியாக மக்களுக்குச் சேவை வழங்கும் முறையைத் தொடங்கியது. முதற்கட்டமாக 161 சேவைகள். சான்றிதழுக்காக அலுவலகங்களின் படிகளில் காத்திருந்த காலத்தை அது மாற்ற முனைந்தது. அதற்கு இட்ட பெயர் 'மன மித்ரா'. தெலுங்கில் 'மன' என்றால் 'நமது'. ஆகவே 'நம் நண்பன்' என்பது பொருள்.

ஆனால் எல்லைப்புறத்துத் தமிழனின் காதில் இப்பெயர் வேறு விதமாக ஒலிக்கிறது: மனத்தின் நண்பன்! செல்பேசி உண்மையில் மனத்துக்கு நண்பனா? மனிதன் தனக்குத் தானே நண்பனாகவும் இருக்கக்கூடும், பகைவனாகவும் ஆகக்கூடும் என்பது கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான் தரும் எச்சரிக்கை. அடக்கிய மனம் உறவு, அடங்காத மனம் பகை. நண்பனா பகைவனா என்று கருவியைக் கேட்டுப் பயனில்லை. அதை ஏந்தி நிற்கும் மனத்தைத்தான் கேட்க வேண்டும்.

நம் சாத்திரங்கள் மனத்தை 'அந்தக்கரணம்' என்கின்றன. 'கரணம்' என்றால் கருவி; அந்தக்கரணம் என்றால் உட்கருவி. அதன் செயல்களை நான்காகப் பிரித்து, மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்று பெயரிட்டார்கள். கையிலுள்ள கருவி இந்த நான்கையும் எவ்வாறு தீண்டுகிறது என்று பார்ப்போம்.

நான்கு வாசல்கள்

முதலாவது, இதுவா அதுவா என்று ஊசலாடும் மனம். செல்பேசி ஒருமுறை ஒலித்தால் போதும். படிக்கும் மாணவனின் மனம் பாடத்திலிருந்து விலகுகிறது. செய்தியைப் பார்க்காவிட்டாலும் 'யாராக இருக்கும்?' என்ற எண்ணம் எழுந்துவிடுகிறது. திரைக்கு முடிவே இல்லாதபடி அமைத்திருப்பதும் தற்செயல் அன்று. விரலால் தள்ளத் தள்ள மேலும் மேலும் வந்துகொண்டேயிருக்கும் அமைப்பை 2006-இல் உருவாக்கிய ஆசா ராஸ்கின் என்ற அமெரிக்க வல்லுநர், அதற்காகப் பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சாப்பாட்டு இலைக்கு மோர்ச்சோறு உண்டு. இதற்கு மட்டும் 'போதும்' என்று சொல்லும் இடமே இல்லை.

இரண்டாவது, தீர்மானிக்கும் புத்தி. இங்கேதான் பேராபத்து இருக்கிறது. சித்தூரிலிருந்து வேலூர் வழியாகத் தெற்கே சென்றால் போளூர் வரும். 2018 மே மாதம், சென்னையிலிருந்து குலதெய்வ வழிபாட்டுக்காகக் காரில் வந்த ஒரு குடும்பம் அப்பகுதிக் கிராமம் ஒன்றில் நின்றது. 65 வயது மூதாட்டி ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்திருப்பதாக அந்நாட்களில் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்தது. கூட்டம் கூடியது. அந்த மூதாட்டியை அடித்தே கொன்றது. உடன் வந்தவர்களும் படுகாயமடைந்தார்கள். கோயிலுக்கு வந்த தாய், குழந்தைகளிடம் காட்டியது அன்பு, கிடைத்ததோ மரணம்.

அந்த வதந்தியை அனுப்பியவர்கள் எல்லோரும் கொடியவர்களா? இல்லை. பெரும்பாலோர் தம் குழந்தைகள் மீதுள்ள பாசத்தால், 'எதற்கும் நாலு பேருக்குத் தெரியட்டும்' என்று அனுப்பியவர்களாகவே இருந்திருப்பார்கள். அதுவே நம்மை நடுங்க வைக்க வேண்டும். கல்லெடுத்து அடித்தவன் ஒருவன். அவன் கையில் அச்சத்தைக் கொடுத்தவர்கள் ஆயிரம் பேர். அவர்கள் அன்றிரவும் நல்லவர்களாகவே உறங்கச் சென்றார்கள். கடோபநிஷதம் உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும் உருவகிக்கிறது. சாரதி உறங்கிய ஒரு கணத்தில் விரல் தானாக அழுத்திவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. ஐந்து என்ற எண்ணை நிறுவனம் வகுக்கலாம். 'ஒருவருக்கும் அனுப்ப வேண்டாம்' என்ற முடிவை நம் விவேகமே வகுக்க வேண்டும்.

மூன்றாவது, அனுபவங்களின் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் சித்தம். நேற்று நாம் எதைப் பார்த்தோமோ அதைப் போன்றதையே செல்பேசி இன்று நம் முன் கொண்டுவந்து வைக்கிறது. கோபமூட்டும் காட்சியை நின்று பார்த்தவனுக்கு அதைவிடக் கோபமூட்டும் காட்சி. பஜனை கேட்டவனுக்கு மேலும் பஜனை. நம் முன்னோர் இதை 'வாசனை' என்றார்கள். ஒரு செயலைச் செய்தால் அதன் தடம் சித்தத்தில் படிகிறது. அத்தடமே மீண்டும் அச்செயலுக்கு இழுக்கிறது. இன்று இந்த உண்மையைக் கண்ணாலேயே காண்கிறோம். ஒருவர் தம் செல்பேசி தாமாகக் காட்டும் காட்சிகளை ஒரு நாள் அமைதியாக ஆராய்ந்தால், தம் சித்தத்தின் நிலை பெருமளவுக்கு விளங்கிவிடும். வெட்கம் தரலாம்; ஆயினும் அது பயனுள்ள கண்ணாடி.

நான்காவது, 'நான்' என்னும் அகங்காரம். 2009-இல் ஃபேஸ்புக் 'விருப்பம்' தெரிவிக்கும் பொத்தானை அறிமுகப்படுத்தியது. அன்று முதல் பாராட்டை எண்ணிக்கையாகவே எண்ணிப் பார்க்க முடிகிறது. அன்னதானம் செய்கிறோம், படம் எடுக்கிறோம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நோக்குகிறோம். உண்டவர் பசி தீர்ந்தது. கொடுத்தவர் பசி தீரவில்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்க வேண்டும் என்பார்கள். இப்போது இடக்கைதான் படம் பிடிக்கிறது.

அவல் இடிக்கும் பெண்

'எங்களுக்கு இதுவே பிழைப்பு. விலை கேட்பதும் இதில், விற்பதும் இதில், பணம் வருவதும் இதில். எப்படி ஒதுக்குவது?' என்று வணிகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒதுக்கச் சொல்லவில்லை.

ஸ்ரீராமகிருஷ்ணர் அவல் இடிக்கும் பெண்ணை உதாரணமாகக் காட்டுவார். உலக்கை ஏறி ஏறி விழுகிறது. அவள் ஒரு கையால் உரலுக்குள் நெல்லைப் புரட்டுகிறாள்; மறுகையால் குழந்தையை அணைத்துப் பால் கொடுக்கிறாள்; வந்து நிற்கும் வாடிக்கையாளரிடம் பழைய பாக்கியையும் பேசுகிறாள். இத்தனைக்கும் நடுவே அவளது மனத்தின் பெரும்பகுதி உலக்கையின் மீதே இருக்கிறது. தவறினால் கை நசுங்கிவிடும் என்பதை அவள் அறிவாள். இல்லறத்தார் இவ்வாறே இறைவனிடம் மனத்தின் பெரும்பகுதியை வைத்து, எஞ்சியதால் உலகக் கடமைகளைச் செய்ய வேண்டும் என்பது அவரது உபதேசம்.

அவளும் வணிகம் செய்தவள்தான். ஒரே நேரத்தில் பல வேலை பார்த்தவள்தான். நமக்கும் அவளுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. தன் மனத்தை எங்கே வைத்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். இன்று கடைக்காரர் முகம் நிமிராமல் பொருளை நீட்டுகிறார். வாங்குபவரும் முகம் நிமிராமல் பணம் அனுப்புகிறார். பணம் வந்து சேர்ந்ததைப் பெட்டி சத்தமாக அறிவிக்கிறது. கணக்கு நேராகிவிட்டது. ஆனால் 'பெண்ணுக்குக் காய்ச்சல் என்றீர்களே, தேவலையா?' என்ற கேள்வி எங்கே போயிற்று? கவனம் என்பது நாம் பிறருக்கு அளிக்கக்கூடிய முதல் தானம். பொருளில்லாத ஏழையும் அதைத் தர முடியும். எதிரே நிற்கும் மனிதரில் இறைவனைக் காண வேண்டும் என்று சுவாமி விவேகானந்தர் போதித்தார். காண்பதற்கு முதலில் நிமிர்ந்து பார்க்க வேண்டும் அல்லவா?

ஒப்படைக்கும் பயிற்சி

திருமலையில் மட்டுமல்ல, தமிழகக் கோயில்களிலும் செல்பேசிக்குத் தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. இது கோயிலின் தூய்மைக்காக வெளியிலிருந்து வரும் கட்டுப்பாடு. இதையே நாமாக மேற்கொண்டால் அது சாதனை ஆகிறது.

காலையில் கண் விழித்ததும் கை முதலில் தேடுவது எதை? இறைவனின் நாமத்தைச் சொல்லி முடிக்கும் வரை செல்பேசியைத் தொடுவதில்லை என்று தொடங்கலாம். பூஜையறையிலும் உணவு உண்ணும் இடத்திலும் அதற்கு இடமில்லை என்று வீட்டார் அனைவரும் கூடி முடிவு செய்யலாம். பெரியவர்கள் கடைப்பிடிக்காத விதியைப் பிள்ளைகள் கடைப்பிடிக்கமாட்டார்கள். வாரத்தில் ஒரு வேளை உண்ணா நோன்பு இருப்பதைப் போல, சில மணி நேரம் திரை நோன்பு இருக்கலாம்.

எதையேனும் பிறருக்கு அனுப்பும் முன் ஒரு மூச்சு நேரம் பொறுப்போம். கீதையின் பதினேழாம் அத்தியாயம் பேச்சையும் ஒரு தவமாகச் சொல்கிறது. அதன் அளவுகோலை விரலுக்கும் வைக்கலாம்: இது ஒருவரின் மனத்தைக் கலக்குமா? உண்மைதானா? இனியதா? நன்மை தருமா? இவற்றுள் ஒன்றுக்கு விடை தெரியாவிட்டாலும் அச்செய்தி நம்மோடு நிற்கட்டும். போளூர் அருகே அந்த மூதாட்டிக்குக் கிடைக்காமற்போனது அந்த ஒரு மூச்சு நேரம்தான். எண்ணம் எழுவதற்கும் விரல் அழுத்துவதற்கும் இடையே உள்ள அச்சிறு இடைவெளியில்தான் மனிதனின் சுதந்திரம் முழுவதும் இருக்கிறது. ஜபமும் தியானமும் அந்த இடைவெளியை அகலப்படுத்தும் பயிற்சிகளே.

தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் பக்தர் சீட்டைக் கொடுத்துச் செல்பேசியைத் திரும்பப் பெறுகிறார். பெற்றுக்கொள்வதில் தவறில்லை, ஊருக்குச் செல்ல வண்டிக்குச் சொல்ல வேண்டும், வீட்டில் காத்திருப்பவருக்கும் சொல்ல வேண்டும். ஆனால் கூடத்தில் சில மணி நேரம் வாய்த்த அந்த அமைதியையும், பக்கத்திலிருந்தவரிடம் பேசிய அந்தப் பரிவையும் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பதில்லை. அவற்றையும் உடன் எடுத்துக்கொண்டு மலையிறங்கினால், எந்த ஊரில் வாழ்ந்தாலும் நாம் வாழும் ஊர் சாந்திபுரமே.